முப்பத்தொரு வயதில் ஓய்வு

1969-ம் வருடம். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் ஆய்வாளராக இருந்த ஜோ டொமிங்கெஸ் என்பவர் வேலையை விட்டார். வேறு கம்பெனிக்குப் போகவில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கவில்லை. ஓய்வு பெற்றார், அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 31!

லாட்டரி எதுவும் அடிக்கவில்லை. அப்பா சேர்த்து வைத்த சொத்தும் கிடையாது. ஹார்லெம் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். சம்பளத்தில் பெரும்பகுதியைச் சேமித்து, அதை அமெரிக்க அரசாங்கத்தின் கடன் பத்திரங்களில் போட்டு, வருகிற வட்டிக்குள் தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டார். 1997-ல் இறக்கும் வரை சம்பளத்துக்காக மறுபடி வேலைக்குப் போகவில்லை. தான் செய்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1992-ல் விக்கி ராபினுடன் சேர்ந்து அவர் எழுதிய 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' என்ற புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. வழிப்பறிக்காரன் கத்தியைக் காட்டிக் கேட்கிற "பணமா, உயிரா?" என்ற கேள்விதான் தலைப்பு.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிற வயதில் ஓய்வைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கணக்கு முதல் சம்பளத்திலேயே தொடங்குகிறது. நாற்பதில் தொடங்கினால் அதற்கு 'சீக்கிரம்' என்று பெயர் இல்லை!

ஒரு மணி நேரத்தின் உண்மையான விலை

டொமிங்கெஸ் கேட்கச் சொன்ன முதல் கேள்வி மிக எளிமையானது. ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்?

ஓர் உதாரணம். சென்னையில் மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஓர் இளைஞர். மாதத்தில் 22 நாள், தினமும் 9 மணி நேர வேலை, ஆக 198 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 202 ரூபாய். நல்ல சம்பளம்தான்.

ஆனால் போக வர தினமும் 3 மணி நேரம் ஆகிறது. அது 66 மணி நேரம். அதையும் சேர்த்தால் வேலைக்காகப் போகிற நேரம் 264 மணி. மின்சார ரயில், ஷேர் ஆட்டோ வகையில் 2,500 ரூபாய். கேன்டீன் சாப்பாடும் டீயும் 4,000. ஆபீசுக்கென்று வாங்கும் துணிமணிகள் மாதத்துக்கு 1,000 என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க நொந்துபோனதற்கு மருந்தாக சனி, ஞாயிறுகளில் செய்கிற செலவு 2,500. வேலை இல்லாவிட்டால் இந்தப் பத்தாயிரமும் செலவாகாது. மிச்சம் 30,000. அதை 264-ஆல் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 114 ரூபாய்தான்.

இப்போது அவர் 20,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்குகிறார். அதன் விலை ரூபாயில் இல்லை; 176 மணி நேரம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலைக்கே போகிறது என்றால், ஏறக்குறைய பதினைந்து வேலை நாட்கள். பதினைந்து நாள் காலையில் எழுந்து ரயிலைப் பிடித்துப் போய் வந்ததற்கு அந்தப் போன் ஈடாகுமா? ஆகும் என்று தோன்றினால் வாங்கலாம், தப்பே இல்லை. சிக்கனம் என்பது வாங்காமல் இருப்பது அல்ல, விலை தெரிந்து வாங்குவது.

இருபத்தைந்து மடங்கு

அடுத்தது, எவ்வளவு சேர்ந்தால் வேலையை விடலாம்?

1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் பழைய சந்தை விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்து, பிறகு விலைவாசி ஏறுகிற அளவுக்கு அந்தத் தொகையையும் ஏற்றிக்கொண்டே போனால், பணம் 30 வருடம் தாங்கும் என்றார். 1998-ல் டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. 4 சதவீதம் என்றால் நூறில் நாலு. ஆகவே, வருடச் செலவைப் போல 25 மடங்கு சேமிப்பு இருந்தால் போதும் என்பது இவர்கள் வழி.

மாதம் 20,000 ரூபாய் செலவு செய்கிறவருக்கு வருடத்துக்கு 2,40,000. அதன் 25 மடங்கு 60 லட்சம். மலைப்பாக இருக்கிறது, இல்லையா? இன்னொரு பக்கமாகப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வரும். மாதச் செலவில் 1,000 ரூபாயைக் குறைத்தால், சேர்க்க வேண்டிய தொகையில் 3 லட்சம் குறைந்துவிடுகிறது. சம்பள உயர்வைவிட எளிமையான வாழ்க்கைக்கு இங்கே பலம் அதிகம். சம்பளம் உயர்ந்தால் சேமிப்பு மட்டும்தான் கூடும். செலவு குறைந்தால் சேமிப்பும் கூடும், தேவையும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சேமிப்பு விலைவாசியைவிட வருடம் 5 சதவீதம் அதிகமாக வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், சம்பளத்தில் 10 சதவீதம் சேமிப்பவருக்கு அந்த 25 மடங்கைத் தொட 51 வருடம் ஆகும். 25 சதவீதம் சேமிப்பவருக்கு 32 வருடம். பாதியைச் சேமிப்பவருக்கு 17 வருடம். இந்தக் கணக்கில் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லட்சம் வாங்கி லட்சத்தையும் செலவழிப்பவர் 60 வயது வரை, ஏன், அதற்குப் பிறகும் ஓட வேண்டியதுதான்.

கணக்கில் உள்ள ஓட்டை

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எவரும் திட்டம் போட்டுவிட வேண்டாம். ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது வட்டி. டொமிங்கெஸின் வழி முழுக்க அரசாங்கப் பத்திர வட்டியை நம்பியது. அமெரிக்காவின் 10 வருடப் பத்திரத்தின் வட்டி 1981-ல் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2020-ல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. 2018-ல் விக்கி ராபின் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது, பத்திரங்களை மட்டும் நம்பச் சொன்ன அந்தப் பகுதியை மாற்றி எழுதினார்.

இந்தியாவிலும் இதே கதைதான். பி.பி.எஃப். வட்டி 1986 முதல் 2000-ம் வருடத் தொடக்கம் வரை 12 சதவீதம். 2003-ல் 8 சதவீதம் ஆனது. 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்துக்கு வந்தது. 12 சதவீதம் என்றைக்கும் கிடைக்கும் என்று 1995-ல் நம்பித் திட்டம் போட்டவரின் நிலையை நினைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாவது விலைவாசி. வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரண்டு மடங்காகிறது. 35 வயதில் மாதம் 20,000-ல் வாழ்பவருக்கு, அதே வாழ்க்கைக்கு 47 வயதில் 40,000 வேண்டும். 59 வயதில் 80,000 வேண்டும். பெங்கனின் 30 வருடக் கணக்கு அறுபதைத் தாண்டியவருக்குப் போட்டது, அதுவும் அமெரிக்க விவரங்களை வைத்து. முப்பத்தைந்தில் ஓய்வு பெறுகிறவருக்கு ஐம்பது வருடம் தாங்க வேண்டும். ஆகவே இங்கே 25 மடங்கு போதாது என்று நினைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது ஓட்டை எந்தக் கால்குலேட்டரிலும் தெரியாது. டொமிங்கெஸின் செலவுக் கோடு அவருடைய கோடு மட்டுமே. அவருக்குக் குழந்தைகள் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மகனின் செலவுக் கோட்டில் அப்பாவின் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, தங்கையின் கல்யாணம் இருக்கிறது, ஊரில் வாங்கிய கடன் இருக்கிறது. பென்ஷன் இல்லாத அப்பா அம்மாவுக்கு அந்த மகனேதான் பென்ஷன். அவன் 35-ல் ஓய்வு பெற்றால் அவர்களுடைய பென்ஷன் நின்றுபோகும். இதைச் சுமை என்று எழுதினால் கோபம் வரும். சுமையே இல்லை என்று எழுதினால் அது பொய்.

யாருடைய சிக்கனம்?

இன்னொரு கேள்வி இருக்கிறது. சிக்கன வாழ்க்கையைப் பற்றி எழுதும் பலர் இதை எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எளிய வாழ்வுக்கு உலகமே உதாரணம் காட்டுகிற ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தானே கட்டிய குடிசையில் வாழ்ந்தார். குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட்டைக்கூட விடாமல் எழுதி வைத்தார். வருடத்தில் ஆறு வாரம் உழைத்தால் தன் தேவைக்குப் போதும் என்றும் கண்டுபிடித்தார். எல்லாம் சரி. ஆனால் குடிசை நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. குடும்பத்தார் வீடு நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. அடிக்கடி அங்கே போய் வந்துகொண்டிருந்தார். இதனால் தோரோ சொன்னது பொய்யாகிவிடாது. தனி மனிதனின் எளிமைக்குப் பின்னால் வேறு யாரோ கொடுத்தது கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் வீடுகளில் அந்த 'வேறு யாரோ' பெரும்பாலும் அம்மா.

சிக்கனம் என்றால் என்ன? பணத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவிடுவது. ஹோட்டல் இட்லிக்குப் பணம் வேண்டும். வீட்டு இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, கிரைண்டரில் போட்டு, வழித்து, கழுவி, மாவு பொங்கி வழியாமல் பார்த்து, மறுநாள் ஊற்றி எடுக்க நேரம் வேண்டும். கிழிந்த புடவை தலையணை உறை ஆவதும், மிஞ்சிய சோறு வடகம் ஆவதும், கடுகு டப்பாவுக்குள் நூறு ரூபாய் சேர்வதும் யாரோ ஒருவரின் நேரத்தால்தான்.

அந்த நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுகிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடுகிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். 'ஈடுபடுகிற' என்ற வார்த்தை முக்கியம். ஏனென்றால் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 26 பேர்தான்.

இடைவெளி 202 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல். வேலையை விட்டுவிட்டு "இனி எளிமையாக வாழப் போகிறேன், வெளியே சாப்பிட மாட்டேன், வேலைக்கு ஆள் வேண்டாம்" என்று அறிவிக்கிற ஒருவர், அந்த 202 நிமிடத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும்? அவருக்கு ஓய்வு, அவர் மனைவிக்கோ அம்மாவுக்கோ ஓவர்டைம். பகலிலும் வீட்டில் ஓர் ஆள் கூடியிருப்பதால், பதினோரு மணிக்கு இன்னொரு காபி வேறு! மணி நேரத்தின் உண்மை விலையைக் கணக்குப் போடுகிறவர், வீட்டில் இருக்கிற எல்லோருடைய மணி நேரத்தையும் போட வேண்டும். இல்லாவிட்டால் அது சிக்கனம் இல்லை. செலவை வேறொருவர் தலையில் கட்டுவது.

பாதி வழியில் ஓர் ஊர்

அப்படியானால் இந்த யோசனையே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அதுவரை வேலையே கதி, அதற்கு மறுநாள் திடீரென்று ஒன்றுமே இல்லை என்கிற ஏற்பாடும் அப்படி ஒன்றும் இயற்கையானது அல்ல. 2000-2001-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சீக்கிரம் போக வேண்டும் என்ற ஆசை அமெரிக்க இறக்குமதி ஒன்றும் இல்லை.

வேலையை ஒரே நாளில் வெட்டி எறிவதற்கும் அறுபது வரை ஓடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. 60 லட்சம் வரை காத்திராமல் 30 லட்சத்தில் நிற்கலாம். 4 சதவீதக் கணக்குப்படி அது மாதம் 10,000 தரும். மீதி 10,000-ஐச் சம்பாதித்தால் போதும். மணிக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 50 மணி நேரம், அதாவது நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. டியூஷன் எடுக்கலாம், கடைக்குக் கணக்கு எழுதலாம், மொழிபெயர்க்கலாம். விலைவாசி ஏறினால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். வட்டி விழுந்தாலும் குடும்பம் விழாது. அப்பாவின் மாத்திரையும் நிற்காது. கையில் தொழில் இருப்பதால், வேண்டும்போது முழு வேலைக்குத் திரும்புகிற கதவும் பூட்டப்படவில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. ஆபீஸ் போனதும் ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடும் போய்விடும். உடம்பு நன்றாக இருக்கிற வயதிலேயே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒன்று எடுத்து வைக்காதவர், மேலே உள்ள எந்தக் கணக்கையும் நம்பக் கூடாது. ஒரே ஓர் ஆபரேஷன் பதினைந்து வருடச் சிக்கனத்தை ஒரு வாரத்தில் விழுங்கிவிடும்.

முதல் சம்பளம் வாங்கப் போகிறவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் ஒரு மணி நேரத்தின் உண்மை விலை. அடுத்த பக்கத்திலிருந்து தினச் செலவு. நடுவில் ஒரு பக்கத்தை விட்டு, வீட்டில் அம்மா ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறார் என்பதை ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம். யாருக்கு முதலில் ஓய்வு தேவை என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும்.