நாலு நூல் போல்ட்

நரிக்குடிப் பக்கம் பழைய வண்டி எதையாவது விற்கப்போகிறோம் என்று வாய் திறந்தால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது எடை. எந்த வருசத்து வண்டி, யார் செய்தது, எதற்காகச் செய்தது என்பதெல்லாம் காயலான் கடைக் கணக்கில் வராது. கேஸ் கட்டிங் செட்டோடு வருவார்கள். அரைப் பொழுதில் துண்டு துண்டாக்கி மினி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படி அறுபட இருந்த ஒரு இரண்டு சக்கர டிரெய்லரை, ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் குறுக்கே நின்று காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று வேளாண்மைத் துறையில் இருக்கும் நண்பர் சொன்னார். “பிரிட்டிஷ்காரன் காலத்துப் பட்டாளத்து வண்டியாம். பேர் எழுதின பிளேட்டு கிடையாது. போல்ட்டைப் பார்த்தே சொல்றாரு மனுசன்” என்றார். போல்ட்டைப் பார்த்து என்ன சொல்லிவிட முடியும் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

நரிக்குடி, மானாமதுரை – விருதுநகர் ரயில் பாதையில் உள்ள ஊர். திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் மேற்கே. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாத வருசத்தில் மிளகாய், மல்லி, பருத்தி, குதிரைவாலி. அதுவும் பொய்த்தால் இருக்கவே இருக்கிறது சீமைக் கருவேலம். வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள். அந்த டிரெய்லரும் பல வருசமாகக் கருவேல விறகைத்தான் மூட்டத்துக்குச் சுமந்திருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் எல்லாம் ‘பெட்டி’தான் இங்கே. பட்டாளத்துப் பெட்டி என்று அதை யாரும் நினைத்ததே இல்லை.

தகரக் கூரை போட்ட பட்டறை. வாசலில் சக்கரம் கழற்றப்பட்டு, நாலு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது பெட்டி. மேலே டிராக்டர் நீலம். அது உரிந்த இடத்தில் ரெட் ஆக்சைடு. அதற்கும் கீழே, பட்டறைக்காரர் உளியால் சுரண்டிக் காட்டிய இடத்தில், மங்கின பச்சை. முன்பக்கச் சட்டத்தில் பிளேட் இருந்த தடமாக நாலு ரிவிட் துளைகள் மட்டும். பித்தளைப் பிளேட்டாக இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கழற்றி விற்றிருப்பார்கள்.

“பச்சைப் பெயின்ட்டை வெச்சு எதையும் சொல்லக்கூடாது தம்பி. பச்சை யாரு வேணும்னாலும் அடிக்கலாம். மரையை யாரும் மாத்த முடியாது” என்றார் அவர். அறுபதைத் தாண்டியவர். வலது கைப் பெருவிரல் நகம் கறுத்துத் தடித்திருந்தது.

சட்டத்தின் அடியில் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். மண்ணெண்ணெயில் ஊறி, கம்பி பிரஷ்ஷில் துலக்கியது. நாலு நூல் போல்ட். எட்டு நூல் ஓர் இஞ்சு என்பது நம் ஊர்த் தச்சருக்கும் பிட்டருக்கும் பாலபாடம். ஆக, அரை இஞ்சுத் தடிமன். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கேஜ் எடுத்தார். பேனாக்கத்தி அளவில், வரிசையாக மடங்கிய மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ரம்பம் போலப் பற்கள், பக்கத்தில் ஓர் எண். மரைக்கு மேல் ஒரு தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். 12 என்று போட்ட தகடு உட்காரவில்லை. 16 என்ற தகடு, வெளிச்சம் ஊசி முனையளவும் கசியாமல், கச்சிதமாக அமர்ந்தது.

அவ்வளவுதான் சாட்சி. ஆனால் அந்தச் சாட்சி சொல்கிற கதை பெரியது.

ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. அரை இஞ்சு போல்ட் என்றால் இஞ்சுக்கு 12 மரை. அதுவரை பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு மரையாக இருந்தது. மோட்டார் வண்டிகள் வந்தபின், அதிர்ச்சியில் நட்டு சுலபத்தில் தளராமலிருக்க அதே 55 டிகிரியில் நெருக்கமான மரை வைத்தார்கள். அதில் அரை இஞ்சுக்கு 16. அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் கோணம் 60 டிகிரி. அரை இஞ்சு போல்ட்டில் சாதா மரை 13, நெருக்க மரை 20. இரண்டாம் உலகப் போரில் இந்த இரண்டு ராணுவமும் ஒன்றாகப் போரிட்டபோது ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த அனுபவத்தில்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948இல் 60 டிகிரியில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு வந்த புதிய பிரிட்டிஷ் வண்டிகளில் பழைய மரை மெல்ல மெல்ல மறைந்தது.

ஆகவே, ஆதியில் போட்ட அரை இஞ்சு போல்ட்டில் 16 மரை என்றால், அமெரிக்க ஜீப்புக்குப் பின்னால் வந்த டிரெய்லர் இல்லை; மில்லிமீட்டர் காலத்து வண்டியும் இல்லை. பிரிட்டிஷ் வரைபடத்தின்படி, பொது மரை பரவுவதற்கு முன்னால் பிறந்த வண்டி. ஆதி போல்ட் எது, பின்னால் போட்டது எது என்று பிரிப்பதுதான் இதில் சூட்சுமம். இந்தப் பெட்டியில் பக்கப் பலகையைப் பிடித்த போல்ட்டுகள் மில்லி மரை. அவற்றை அவர் தனி டப்பாவில் போட்டு ஒதுக்கிவிட்டார். சட்டமும் ஸ்பிரிங் பட்டையும் சேருகிற இடத்தில், பெயின்ட்டும் துருவும் சேர்ந்து கெட்டித்துப்போய், ஒரு தடவைகூட ஸ்பேனர் படாமல் இருந்தவற்றை மட்டுமே கணக்கில் எடுத்தார். அத்தனையும் 16.

இந்த ஊருக்கு அது எப்படி வந்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு, நம் பக்கத்துப் போர்க்காலம் மறந்துபோயிருக்கும். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை காலியானது. தமிழ்நாட்டில் விமான ஓடுதளங்கள் முளைத்தன. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் எல்லாம் அப்போது வந்தவை. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன் செய்து கொடுக்க, பஸ்கள் கரியில் ஓடின. போர் முடிந்ததும் பட்டாளத்துத் தளவாடம் மலைபோலக் குவிந்து, ‘டிஸ்போசல்’ சரக்காக விற்பனைக்கு வந்தது. லாரிகள் பஸ்ஸாயின. டிரெய்லர்கள் எஸ்டேட்டுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் பண்ணைகளுக்கும் போயின. கை மாறி, கை மாறி ஒன்று இந்த மானாவாரிக் காட்டில் விறகு சுமக்க வந்து சேர்ந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

பிரிட்டனிலும் இந்த டிரெய்லர்களைச் செய்தவர்கள் ஒரே ஆள் இல்லை. போர்க்காலத்தில் எல்லாத் தொழிற்சாலைகளும் ஏதோ ஒன்றைச் செய்தன. பின்னாளில் ஜாகுவார் என்று பெயர் மாற்றிக்கொண்ட எஸ்.எஸ். கார்ஸ் கம்பெனி, அந்த வருசங்களில் கார் செய்வதை நிறுத்திவிட்டுப் பட்டாளத்துக்கு டிரெய்லரும் மோட்டார் சைக்கிளுக்கான பக்கப் பெட்டியும் செய்தது. பின்னால் லேண்ட் ரோவர் காலத்தில் சாங்கி என்ற கம்பெனியின் பெயர் பிரபலம். அவர்களது முக்கால் டன் டிரெய்லர்களை இன்றும் இங்கிலாந்தில் தேடிப் பிடித்துச் சீர்செய்கிறார்கள். அப்படிச் சீர்செய்கிறவர்களுக்குப் பிளேட் இருக்கிறது, ஒப்பந்த எண் இருக்கிறது, அச்சடித்த கையேடு இருக்கிறது. நரிக்குடியில் இருப்பது கேஜ் ஒன்றுதான்.

இழுவைக் கொக்கி மாட்டுகிற இரும்பு வளையத்தின் கழுத்தில் ஒரு குறியையும் அவர் காட்டினார். மூன்று கோடுகள் மேலே கூடி நிற்கும் அம்பு. பிரிட்டிஷ் அரசின் போர்த்துறைச் சொத்து என்பதற்கான முத்திரை. இதைக் கண்டதும் சீமையில் செய்த வண்டி என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நம் ராணுவமும் அந்த அம்பை விடவில்லை. இன்றும் ராணுவ வண்டியின் நம்பர் பிளேட்டில் முதலில் மேல்நோக்கிய அம்பும், அடுத்து வண்டி வாங்கிய வருசத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். ஆகவே அம்பு பட்டாளத்தை மட்டும் சொல்கிறது. காலத்தைச் சொல்வது மரை.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்பதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தானாகச் சொல்கிற ஆள் இல்லை. அப்பா கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டவர். பட்டாவைத் தீயில் பழுக்கவைத்து, விரிந்த நிலையில் மரச்சக்கரத்தில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்குகிற வேலை. டயர் வண்டியும் டிராக்டரும் வந்தபின் அந்த வேலை போயிற்று. பையனை மதுரையில் ஒரு லாரிப் பட்டறையில் விட்டார்கள். அங்கே தலைமை மெக்கானிக், ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி, துப்பாக்கி, கருவி எல்லாவற்றையும் பழுது பார்ப்பதற்காக 1943இல் எழுந்த பிரிவு அது. அந்தப் பெரியவர் பையனுக்குக் கொடுத்த முதல் வேலை, கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி மரை வாரியாகப் பிரித்து அடுக்குவது. தப்பாக அடுக்கினால் டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்துவிடுவாராம்.

“கொட்டிட்டு, மறுபடி அடுக்குடாம்பாரு. சாப்பாட்டு நேரமெல்லாம் அதுலயே போயிரும். அப்ப அழுகையா வரும். அவரு சாகறதுக்கு முன்னாடி இந்தக் கேஜை எங்கிட்டக் குடுத்து, ‘உனக்குத்தான்டா கண்ணு இருக்கு’ன்னாரு.”

அந்தக் கண் இப்போதும் இருக்கிறது. பழைய ஸ்பேனர் ஒன்றைக் காட்டினார். அதில் 7/16 என்று இருந்தது. ஆனால் வாயை அளந்தால் முக்கால் இஞ்சுக்கும் மேல். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிமன். நட்டின் அகலம் இல்லை. நம்மிடம் இருக்கும் 21 மில்லி ஸ்பேனர் அந்த நட்டில் ஏறக்குறைய உட்காரும். அந்த ‘ஏறக்குறைய’தான் எமன். நெம்பினால் நட்டின் மூலை மழுங்கிப்போகும். அப்புறம் அறுப்பதைத் தவிர வழியில்லை. அவர் நட்டை மட்டும் கேஸில் மங்கலாகச் சிவக்கிற வரை காய்ச்சி, ஆறவிட்டு, மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுகிறார். பிறகு முதலில் கொஞ்சம் இறுக்குகிறார். ‘கிர்ர்’ என்று சத்தம் வந்த பிறகே தளர்த்துகிறார். ஒரு நட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகிறது. அறுத்தால் ஒரு நிமிசம்.

சக்கரத்திலும் அதே நிதானம். பட்டாளத்துச் சக்கரங்கள் சிலவற்றில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். நட்டு போட்டு ஒன்றாக இறுக்கியிருப்பார்கள். காற்று இருக்கும்போது அச்சில் மாட்டுகிற நட்டு என்று நினைத்து அதைத் திருகினால், பாதி ரிம் பீரங்கிக் குண்டாகப் பாயும். மதுரைப் பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு இதில் தாடை உடைந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் வால்வு ஊசியைப் பிடுங்கி, காற்று முழுக்க இறங்கிய பிறகே கை வைக்கிறார். பழைய பட்டைகளில் இரண்டு முறிந்திருந்தன. முறிந்த பட்டையை வெல்டு வைத்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும் என்று, லாரிப் பட்டையை அளவுக்கு வெட்டி, கருவேலங்கரி உலையில் காய்ச்சி, பழைய பட்டையின் வளைவுக்குத் தட்டி, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றினார். தரைக்குப் பழைய பலகை எதுவும் மிஞ்சவில்லை, வேம்பு போடுகிறார்.

பெயின்ட் வேலையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

கூலியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு நட்டுக்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிறவருக்கு எந்தக் கணக்கில் காசு கொடுப்பது? பெட்டியின் சொந்தக்காரர் கரிமூட்டம் போடுகிற சம்சாரி. அவரால் முடிந்தது ஒரு நாள் வெல்டிங் கூலி. இடையில் வந்தார் தரகர். முதலில் கிலோ விலை பேசினார். பட்டறைக்காரர் அறுக்கவிட மாட்டேன் என்றதும், ‘முழுசாவே எடுத்துக்கிறேன்’ என்று விலையைக் கொஞ்சம் ஏற்றினார். ஏன் ஏற்றினார் என்பது ஊரில் எல்லோருக்கும் புரிகிறது. பழைய ஜீப் வைத்திருக்கும் வசதியானவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். ஜோடியாக ஒரு பட்டாளத்து டிரெய்லர் கிடைத்தால், கண்காட்சிக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் ஆகும். அந்த விலையில் நூற்றில் ஒரு பங்கு நரிக்குடிக்கு வந்தாலும் போதும், வராது. ராணுவம் கழிக்கும் சரக்கு இப்போது எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் வழியாக இணைய ஏலத்தில் போகிறது. முன்பணம் கட்டி மொத்தமாக எடுக்கிறவர்கள்தான் அங்கே நிற்க முடியும். கண்ணும் கையும் உள்ளவனுக்கு அந்த வாசலில் இடமில்லை. பணம் உள்ளவன் எடுத்து, எடை போட்டு உடைக்கிறான். இது வியாபாரம் இல்லை, அழிப்பு. ஒரு வண்டி அறுபடும்போது இரும்பு உருகி இன்னொரு பொருளாகிவிடும். அந்த மரை சொன்ன சேதி எங்கும் போய்ச் சேராது. கோவையில் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் இருப்பது நமக்குப் பெருமை. சுமை தூக்கிய வண்டிக்கும், அதைப் படிக்கத் தெரிந்த கைக்கும் நம் ஐ.டி.ஐ.களிலாவது ஒரு மூலை ஒதுக்கக் கூடாதா? அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இவரை ஒரு வாரம் அழைத்துவந்து பாடம் எடுக்கச் சொல்ல என்ன தடை?

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் அவர் மகள் மட்டும், மரை சொல்கிற சேதியைக் காத்துவைக்கிற வேலையைத் தொடங்கியிருக்கிறாள். இதுவரை அப்பா கையில் வந்த பெட்டிகளின் விவரம் ஒரு நோட்டில் ஏறுகிறது: எந்த இடத்துப் போல்ட், தடிமன், இஞ்சுக்கு எத்தனை மரை, கோணம், ஆதியா மாற்றா. முன்பக்கச் சட்டத்தின் வலது ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது பொறித்த எண்கள் சில மங்கலாகத் தெரிந்தன. அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததையும் நோட்டில் ஒட்டியிருக்கிறாள்.

சொந்தக்காரர் பெட்டியை விற்கவில்லை. விறகு சீசன் வருகிறது, பெட்டி வேண்டும் என்கிறார். டிராக்டர் நீலமே அடிக்கச் சொல்லிவிட்டார். பட்டறைக்காரரும் சரி என்றார், பொறித்த எண் இருக்கும் சாண் அகலத்தில் மட்டும் பெயின்ட் படாது, கிரீஸ்தான் என்ற நிபந்தனையோடு. கூலிப் பேச்சு இன்னும் முடியவில்லை.