ஜப்பானுக்குப் பெட்டி கட்டுகையில்



நம்மில் அநேகர் பாஷை தெரியாத ஊருக்கு ஒருமுறை வந்து இறங்கியவர்கள்தாம். 1994-ஆம் ஆண்டில், வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, ஒரு தகரப் பெட்டியும் 'கிதர்', 'கித்னா' என்ற இரண்டே இந்திச் சொற்களுமாக நான் மும்பை தாதர் நிலையத்தில் வந்து நின்றேன். 'எங்கே' என்று கேட்க எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டதற்கு வந்த பதில்தான் ஒன்றும் விளங்கவில்லை. உங்களிலும் எத்தனையோ பேருக்கு இப்படியொரு முதல் நாள் இருந்திருக்கும். ஐம்பது வயதைக் கடந்தபின் அந்த நாள் மறுபடியும் வரும் என்று நான் நினைத்ததில்லை.

என் மகளும் மருமகனும் டோக்கியோவில், எடோகாவா வட்டத்திலுள்ள நிஷி-காசாய் என்னும் பகுதியில் வசிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கணினித் துறை இந்தியர்கள் குடியேறிய பகுதி அது. மகளுக்குத் தலைப்பிரசவம். என் துணைவியார் மூன்று மாதம் அங்கே தங்குவதாகவும், நான் முதல் மூன்று வாரம் உடனிருந்து திரும்புவதாகவும் ஏற்பாடு. மருமகன் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வருவார். நான் திரும்பியபின், ஒரு பகற்பொழுதில் மகளுக்கு வலி கண்டால் தொலைபேசியை எடுத்துப் பேச வேண்டியவர் என் துணைவியார். தமிழும், சந்தை அளவுக்கு இந்தியும் மராத்தியும் அறிந்தவர். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார்.

"அங்கே எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கும் சார், கவலைப்படாதீர்கள்" என்றார் விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர். இரயில் நிலையப் பலகைகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது மெய்தான். டோக்கியோ சுரங்க இரயில் நிலையங்களுக்கு 2004-லிருந்து எழுத்தும் எண்ணும் உண்டு. நிஷி-காசாய் 'டி 16'. பெயரை வாசிக்க வராதவரும் எண்ணைப் பார்த்து இறங்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும், காய்கறிக் கடைக்காரரும், வட்டார அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போவது தவறு. பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள்கூட பிழையாகப் பேசிவிடுவோமோ என்று கூச்சப்படுகிற ஜனங்கள் அவர்கள். இந்த விஷயத்தில் என் துணைவியாரும் அவர்களும் ஒரே சுபாவம்.

ஆகையால் நான்கு மாதத்துக்கு முன்பாகவே நாங்கள் இருவரும் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் ஜப்பானிய மொழி படிக்க உட்கார்ந்தோம். எழுத்தைக் கண்டு முதலில் திகைத்துப்போனோம். ஹிராகானா 46, காத்தாகானா 46, அவற்றுக்கு மேல் காஞ்சி என்னும் சீன எழுத்துகள். பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த காஞ்சிப் பட்டியலில் மட்டும் 2,136. காஞ்சியை நாங்கள் தொடவில்லை. நுழைவு, வெளியேறு, ஆண், பெண் ஆகியவற்றுக்கான எழுத்துகளை மட்டும் படம்போல மனதில் பதித்துக்கொண்டோம். காத்தாகானாவை நீங்கள் ஒருபோதும் தள்ளிவிட வேண்டாம். அந்நியச் சொற்களையெல்லாம் அதில்தான் எழுதுகிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தால் 'கோஹீ' என்று வரும், அது காப்பி, 'தாக்குஷீ' என்று வரும், அது டாக்சி, 'தொய்ரே' கழிப்பறை. ரொட்டிக்கு 'பான்' என்கிறார்கள். போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். யாழ்ப்பாணத்தில் 'பாண்' என்று சொல்வதும் அதே சொல்தான்.

இனி, வாசகர்களே, நான் உங்களுக்குச் சொல்ல மிகவும் விரும்பிய காரியத்துக்கு வருகிறேன். ஜப்பானிய மொழி கடினம் என்று உலகமே சொல்லுகிறது. ஆங்கிலத்தின் வழியாகப் போனால் கடினம்தான். தமிழின் வழியாகப் போய்ப் பாருங்கள். 'வதாஷி வா அஷிதா டோக்கியோ எ இக்கிமாஸ்.' நான் நாளை டோக்கியோவுக்குப் போகிறேன். சொல்லுக்குச் சொல் நம் வரிசை, வினைச்சொல் கடைசியில், 'டோக்கியோ'வுக்குப் பின்னால் ஒட்டும் 'எ' நம்முடைய 'உக்கு'. 'தபெத்தே' என்றால் சாப்பிட்டு, 'மிமாஸ்' என்றால் பார்க்கிறேன். 'தபெத்தே மிமாஸ்' என்றால், நாம் சொல்லுகிற அதே பொருளில், சாப்பிட்டுப் பார்க்கிறேன். சாப்பாட்டைக் கண்ணால் பார்ப்பதாக ஆங்கிலேயன் மயங்குவான். நமக்கு விளக்கமே தேவையில்லை. 'கொரே, சொரே, அரே, தொரே' என்ற நான்கும் இது, உது, அது, எது. கேட்பவருக்கு அருகிலுள்ளதைச் சுட்டும் 'உது' நம் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது; இலங்கைத் தமிழரிடம் இன்னும் இருக்கிறது.

இந்த ஒற்றுமைகளைக் கண்டுதான் சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானிய மொழியறிஞர், தங்கள் மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று நெடுங்காலம் வாதாடினார். மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அதில் வைராக்கியம் இல்லை. உறவு இருக்கட்டும், இல்லாமற் போகட்டும், படிப்பவனுக்கு வசதி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பையே கணக்குப் பாடத்தால் பாதியில் விட்ட என் துணைவியார், ஆறாவது வாரத்தில் என்னை முந்திவிட்டார். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் நினைத்துப் பின்பு திருப்பிக்கொண்டிருந்தேன்; அவர் தமிழிலிருந்து நேரே இறங்கினார்.

ஓசையில் மட்டும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். குறிலும் நெடிலும் அங்கே பொருளை மாற்றும். இதுவும் நமக்குப் பழகியதுதான். 'ஒபஸன்' என்றால் அத்தை, சித்தி முறைப் பெண்மணி. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. அறிமுகமில்லாத நடுவயதுப் பெண்ணைப் பாட்டி என்று அழைத்துவிட்டு அங்கே நிற்காதீர்கள். அதைவிட ஆபத்தானது வேறொன்று: 'ப்யோயின்' மருத்துவமனை, 'பியோயின்' (பஸ் என்பதிலுள்ள ப) அழகு நிலையம். வலியோடிருக்கிற மகளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு இரண்டாவதைச் சொன்னால் என்னவாகும் என்று ஒருநாள் சிரித்தோம். மறுநாளிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லவே துணைவியார் தயங்கினார். மருத்துவமனையின் பெயரையும் முகவரியையும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டு, மூன்று பிரதி அனுப்பும்படி மகளிடம் கேட்டு வாங்கினோம். ஒன்று கைப்பையில், ஒன்று கடவுச்சீட்டு உறையில், ஒன்று குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டுவதற்கு.

தவறான சொல்லால் வரும் தொல்லை பழைய கதை. நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் பரதவர் நடுவில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டில் காகோஷிமாவில் கரையிறங்கினார். அஞ்சிரோ என்ற ஜப்பானியரே அவருக்கு மொழித்துணை. தேவனைக் குறிக்க 'தைனிச்சி' என்ற சொல் பொருந்தும் என்று நம்பிப் பிரசங்கித்தார். அது பௌத்தப் பிரிவொன்று வணங்கும் புத்தரின் பெயர் என்பது பின்புதான் தெரிந்தது. அதற்குமேல் 'தெயூசு' என்று இலத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் சொல்வதைப் பார்க்கிலும், 'வக்காரிமாஸென்', அதாவது விளங்கவில்லை என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு. நாங்கள் முதலில் மனப்பாடம் செய்த வாக்கியமும் அதுவே. இரண்டாவது 'ஸுமிமாஸென்'. மன்னியுங்கள், கொஞ்சம் கேளுங்கள், உங்களுக்குச் சிரமம் கொடுத்தேன், நன்றி, இத்தனைக்கும் அந்த ஒரு சொல் போதும்.

வலி கண்டால் 119. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் அதே எண்ணாகையால், எடுத்தவுடன் "காஜி தெஸ் கா, கியூக்கியூ தெஸ் கா?" என்பார்கள், தீயா, அவசர மருத்துவமா என்று பொருள். "கியூக்கியூ தெஸ்" என்று சொல்லி, முகவரியை மெதுவாக வாசிக்க வேண்டும். ஜின்த்ஸூ என்றால் பிரசவ வலி, ஹாசுயி என்றால் பனிக்குடம் உடைதல், ஷுக்கெத்ஸு என்றால் இரத்தப்போக்கு. இந்த மூன்று சொற்களையும் நான் ஒரு அட்டையில் எழுதினேன். ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாதாரண வலிக்கு முதலில் மருத்துவமனைக்குத்தான் பேசுகிறார்கள். பிரசவத்துக்கென்றே முன்பதிவு செய்துகொள்ளும் டாக்சிகளும் டோக்கியோவில் உண்டு. மருமகன் பதிந்துவைத்திருக்கிறார்.

இரவு ஒன்பது மணிக்கு நான் பக்கத்து அறையிலிருந்து கைப்பேசியில் அழைத்து "காஜி தெஸ் கா?" என்பேன். முதல் இரண்டு வாரம் அவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். ஒருநாள் அழுதேவிட்டார். "இவள் என் பேச்சை நம்பி அங்கே படுத்திருப்பாள், எனக்கு வாய் வராவிட்டால்?" என்றார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அன்று படிக்கவில்லை. இப்போது எட்டு விநாடியில் முகவரி வரைக்கும் சொல்லிவிடுகிறார். நான்தான் சில இரவுகளில் கேள்வியை மறந்துபோகிறேன்.

எங்களைத் தேற்றிய காரியம் ஒன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது ஜப்பானிலும் வழக்கம்; 'சாத்தோகாயெரி' என்று அதற்குப் பெயர். ஆகவே தாய் வந்து நிற்பதை அவர்கள் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் வட்டார அலுவலகம் 'போஷி தெச்சோ' என்னும் தாய்-சேய் நலக் கையேட்டைக் கொடுக்கிறது. 1948-லிருந்து நடைமுறையில் உள்ள கையேடு. பரிசோதனைகள், குழந்தையின் எடை, தடுப்பூசி எல்லாம் அதில் ஏறும். ஆங்கிலமும் சேர்ந்த பதிப்புகள் கிடைக்கின்றன. சுகாதாரக் காப்பீட்டிலிருந்து பிரசவத்துக்கு 2023 ஏப்ரல் முதல் 5 இலட்சம் யென் கிடைக்கிறது. அவர்கள் வாயில் அது 'கோஜூமான்', ஐம்பது பத்தாயிரம்; பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுகிறவர்கள். நம் ஒரு இலட்சம் அவர்களுக்குப் பத்து 'மான்'. விலை கேட்கும்போது இங்கேதான் சறுக்கும்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பழம், விதை ஆகியவை தாவர நலச் சான்று இல்லாமல் அங்கே நுழையாது. இறைச்சி ஊறுகாயும் நுழையாது. மருந்தில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குத்தான் நேரே கொண்டுபோகலாம். அதற்கு மேற்பட்டால் 'யூன்யூ காக்குனின் ஷோ' என்ற சான்றைப் புறப்படுமுன் பெற வேண்டும். துணைவியாரின் இரத்த அழுத்த மாத்திரை மூன்று மாதத்துக்கு வேண்டியிருந்ததால் விண்ணப்பித்து வாங்கினோம். சளிக்கும் இருமலுக்கும் நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிலவற்றில் சூடோஎபிட்ரினோ கோடீனோ இருக்கும். அளவு மிஞ்சினால் அங்கே அவை தடைசெய்யப்பட்டவை. பையில் கையோடு போட்டுக்கொண்டு போகிற நம் பழக்கம் அங்கே வழக்காக முடியலாம்.

சாப்பாட்டில் ஒரு வேடிக்கை. 'சாக்கே' என்றால் மதுபானம் என்று அறிந்து, அதை எங்கே கண்டாலும் ஒதுங்க வேண்டும் என்று துணைவியாருக்குச் சொல்லிவைத்திருந்தேன். மகள் கேட்டுச் சிரித்தாள். சால்மன் மீனுக்கும் அதே சொல்லாம். மீன் வைத்த சோற்றுருண்டையில் அதுதான் எழுதியிருக்குமாம். அந்த உருண்டையைக் கண்டு ஓட வேண்டியதில்லை. சமையலில் சேர்க்கும் 'மிரின்' மதுவகை என்பதால் அதைக் கேட்டறிந்து வாங்குகிறோம்.

நில நடுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லை 2004 டிசம்பர் 26-க்குப்பின் நம் கடற்கரையில் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. 'ஜிஷின்' என்பது நில நடுக்கம். கைப்பேசி அலறி "ஜிஷின் தெஸ்" என்றால் மேசைக்கடியில் போக வேண்டும். 'நிகெத்தே' என்று யாராவது கத்தினால் ஓட வேண்டும். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் எழுத்தைப் பார்த்து மொழிபெயர்க்கும் செயலியையும் இறக்கி, இணையம் இல்லாமலும் வேலை செய்யுமாறு வைத்திருக்கிறோம். ஆனாலும் நடுங்குகிற கையில் செயலி எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் ஜப்பானில் 'இத்தேகிமாஸ்' என்பார். 'இத்தே' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்', போய் வாருங்கள், என்பார். 'போகிறேன்' என்று சொல்லாதே என்று பாட்டிமார் அடித்துச் சொன்னதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். சென்ற வாரம் துணைவியார் காய் வாங்கக் கிளம்புகையில் வாசலில் நின்று அதைச் சொன்னார். எதிர்வீட்டு மராத்தி அம்மாள் என்னவென்று கேட்டு, விளக்கியதும், "நாங்களும் 'யேதே' என்றுதானே சொல்லுகிறோம்" என்றார். அதற்கும் வருகிறேன் என்றே பொருள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விமானம். பெட்டியில் இரண்டு கிலோ அதிகமாயிருக்கிறது. காயத்தூளும் சுக்கும் போட்டு இடித்த பிரசவ மருந்துப் பொடியை எடுக்க முடியாது என்கிறார். ஆகவே என் புத்தகங்கள் வெளியே வந்துவிட்டன.