வருவான்

சில பையன்கள் பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிவிட்டு, ராத்திரி என்னிடம் ட்யூஷனுக்கு வருவார்கள். இது 1984-ல், திருத்தங்கலில். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் வந்தவர்களை 'வருவார்கள்' என்று எழுதியிருக்கிறேன். படிக்கிற யாருக்கும் இது இடறாது. அன்று எனக்குப் பிடிபடாமல் போனது இந்த விஷயம்தான்.

விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். கையில் ரென் அண்ட் மார்ட்டின். எதிர்காலம் என்றால் தன்மைக்கு 'ஷால்', மற்ற இரண்டுக்கும் 'வில்'. மாற்றிப் போட்டால் உறுதி, ஆணை, மிரட்டல். இங்கிலாந்துக்காரனே பேச்சில் கைவிட்டுவிட்ட ஆசாரத்தை இந்தப் பையன்களை உருப்போடச் செய்தேன். நிஜத்தில் ஆங்கில வினைக்கு எதிர்காலத்துக்கென்று விகுதியே கிடையாது. வெளியிலிருந்து ஒரு சொல்லைக் கூப்பிட வேண்டும். அப்படி வந்த 'வில்' பழைய ஆங்கிலத்தில் விரும்புதல், 'ஷால்' கடன்பட்டிருத்தல். முன்பணம் வாங்கிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு இதை விளக்க வாத்தியார் தேவையில்லை.

தமிழில் காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது: வருவான், நடப்பான். ஆனால் அந்த 'வ்'வும் 'ப்'பும் நாளையை மட்டும் சொல்வதில்லை. வழக்கமாய் நடப்பதையும், ஒரு காலத்தில் வழக்கமாய் நடந்ததையும் அதுவேதான் சொல்கிறது. 'செய்யும்' என்ற வாய்பாட்டுக்கு நிகழ்வு, எதிர்வு இரண்டையும் நன்னூலார் கொடுத்திருக்கிறார். மார்க்குக்காகப் படித்தது, மறந்திருந்தேன்.

ஒரு நாள் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். நோட்டு என்பது அச்சாபீஸ் கழிவுத் தாளைத் தைத்தது. ஆடி பதினெட்டுக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிற ஊர். தாளின் பின்பக்கம் 1985 இருந்தது. ஒரு பையன் எழுதினான்: அண்ணன் சனிக்கிழமை வருவான், சேவு வாங்கி வருவான், என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போவான், சினிமாப் பாட்டுப் பாடுவான், அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றுக்கும் 'வில்'. பழக்கத்துக்கு 'வில்' கூடாது, நிகழ்காலம் போடு என்று ஐந்தையும் சிவப்பு மையால் அடித்தேன். 'கம்ஸ்', 'பிரிங்ஸ்' என்று திருத்திக் கொண்டுவந்தான். சரி போட்டேன்.

பக்கத்துப் பையன் மெதுவாகச் சொன்னான்: "அவன் அண்ணன் இல்ல சார். போன பங்குனியில பயராபீஸ்ல மருந்து வெடிச்சு..."

ஆங்கிலத்தில் இதற்கு 'வுட்' இருக்கிறது. 'வில்'லின் இறந்தகாலம், ஓய்ந்துபோன பழக்கத்தையும் அது சொல்லும். பையன் எழுதியது அதற்கு ஒரு சொல் தள்ளித்தான் இருந்தது. வெகுதூரம் போனவன் நான். 'வுட்' என் பாடத்தில் அடுத்த மாதத்துக்கு இருந்தது. அன்றைக்கே நடத்தினேன்.

"அப்ப வில்லுன்னா தப்பா சார்?"

தப்பு என்றேன். நோட்டை வாங்கிப் போனான். திரும்பக் கொண்டுவந்தபோது நாலு வாக்கியத்தில் 'வுட்' இருந்தது. ஐந்தாவதில், அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பதற்கு, நான் அடித்த 'வில்'லையே மறுபடி போட்டிருந்தான். அதைத் தொடவில்லை. அப்போது மணி எட்டரை ஆகியிருந்தது.