பக்கத்து இருக்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் துறை மாணவன்)

கடற்பக்கமிருந்து மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. விமானி ஆவேன் என்று சிறு வயதில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதும், அதற்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும் என்பதும் பிளஸ் டூ படிக்கையில் தெரிய வந்தன. அத்துடன் அந்தப் பேச்சு நின்றது. என் தந்தை ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

நின்ற பேச்சு மீண்டும் எழக் காரணமானவர் அப்பாவின் வாடிக்கைச் சவாரி ஒருவர். அடையாறு காந்தி நகரில் வசிக்கும் பெரியவர். பல்லாண்டுகள் விமானப் பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். (மலரில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) "பையன் பிசிக்ஸ் படிக்கிறான் சார்" என்று அப்பா பெருமை பேசப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியதாயிற்று.

"விமானம் எப்படித் தம்பி பறக்குது?" என்றுதான் தொடங்கினார்.

நான் மடமடவென்று ஒப்பித்தேன். இறக்கையின் மேற்புறம் வளைந்திருக்கிறது. மேலே போகும் காற்று நீண்ட வழி சென்று, கீழே போகும் காற்றுடன் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆகவே வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது.

"ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு யாருப்பா சட்டம் போட்டது?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. உண்மையில் மேலே போகும் காற்று முந்தியே போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாக இறக்கை மேலே தூக்கப்படுகிறது. அழுத்த வேறுபாடு உண்மைதான். நான் சொன்ன காரணம்தான் பொய். இயற்பியல் மாணவன் ஒருவன் ஆட்டோ ஓட்டுநரின் முன்னிலையில் இப்படி மாட்டிக்கொண்டதில் அப்பாவுக்கு மட்டும் உள்ளூர மகிழ்ச்சி.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், மேற்புறக் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். கீழே விழப் போகிறோம் என்றதும் மாணவனின் கை தானாகவே தடியைப் பின்னுக்கு இழுக்கும். இழுத்தால் கோணம் இன்னும் கூடும். முன்னுக்குத் தள்ள வேண்டும். விழும்போது கீழ்நோக்கித் தள்ளு என்றால் எந்த மனிதனுக்கு மனம் வரும்? ஆகவே ஆசிரியர் போதிய உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே ஸ்டால் செய்து காட்டி, பிறகு மாணவனையே செய்ய வைக்கிறார். காரணம் புரியாதவன் கையால் கற்றதைப் பயத்தில் மறந்துவிடுவான் என்றார் பெரியவர்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் எதிரியின் குண்டுக்குத் தப்பிய இளைஞர்கள் பலர் பயிற்சியிலேயே மாண்டனர். ஆபத்தான நிலைகளின் பக்கமே போகாதே என்பதுதான் அன்றைய போதனை. ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற ஆங்கிலேய அதிகாரி 1917-இல் காஸ்போர்ட் என்ற ஊரில் அதைத் தலைகீழாக்கினார். இருவரும் இயக்கக்கூடிய இரட்டைக் கட்டுப்பாடுகள் கொண்ட விமானத்தில் மாணவனை ஏற்றி, ஆபத்துக்குள் அழைத்துப் போய், வெளியே வரும் வழியைக் கற்பித்தார். இயந்திர இரைச்சலில் ஆசிரியர் பேச்சு கேட்பதற்கு ஒரு ரப்பர்க் குழாய். பின்னாளில் டைகர் மாத் விமானத்தில் முன்னே ஆசிரியரும் பின்னே மாணவனும் அமர்ந்து, அத்தகைய குழாய் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கேப்டன் வி. சுந்தரம் பெங்களூர் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர். அங்கே பயின்று 1949-இல் தேறியவர் அவர் மனைவி உஷா சுந்தரம். கணவர் ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும்போது எழும் கூச்சலை நம் தெருக்களில் கேட்டிருக்கிறோம், விமானத்தில் எப்படியோ! பின்னர் இருவருமாகச் சென்னை அரசுக்கு வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அதே சுந்தரம்தான் 1959-இல் தி. நகர் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்தவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ். கிண்டியில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு விமான ஆசிரியர் அதன் பின்னே இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஆசிரியருக்கு ரொம்பக் கஷ்டமானது எது சார்?" என்று கேட்டேன்.

பெரியவர் இரு கைகளையும் மடிமேல் வைத்துக் காட்டினார். "இதை இங்கேயே வச்சிருக்கிறது."

மாணவன் தரையிறக்குகிறான். மூக்கைச் சற்று அதிக உயரத்திலேயே தூக்கிவிட்டான். ஆசிரியர் உடனே தடியைப் பிடித்தால் மாணவன் எதையும் கற்கமாட்டான். தாமதித்தால் சக்கரம் ஒடியும். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது தம் கைத்திறனின் எல்லையை அறிந்தவருக்கே தெரியும். அதுவும் அவர் வலது இருக்கையில் அமர்ந்து ஓட்டுவதைப் புதிதாகப் பழகியிருக்க வேண்டும்; விமானியின் இடம் இடது பக்கம். பிடிப்பதானால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று உரக்கச் சொல்லிப் பிடிக்க வேண்டும்; மாணவன் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிக் கையை விட வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஓட்டுவார்கள், அல்லது ஒருவருமே ஓட்டமாட்டார்கள்.

"சில பேர் சொல்லாம லேசாப் புடிச்சுக்குவாங்க. பையன் தானே இறக்கினதா நினைச்சுக்குவான். அது துரோகம் தம்பி. ஒரு நாள் அவனைத் தனியா அனுப்பணுமே!" முதல் தனிப் பறத்தலின்போது ஆசிரியர் இறங்கிக்கொள்வதால் எடை குறைந்து விமானம் விர்ரென்று மேலேறுமாம். அதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பையன் மிரண்டுவிடுவானாம்.

வீடு திரும்பும் வழியில் நான் பேசவே இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கல்லூரிச் செலவுக்காக மாலையில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தெற்கு மாட வீதியில் பூ விற்கும் அம்மாளின் மகள், இரண்டு வாரமாக வரவில்லை. பணக் கஷ்டம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். அம்மா பூ கட்டிக்கொண்டே, "நீயே கேளுப்பா" என்றார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நான் யோசிக்கும்போதே பென்சிலப் புடுங்கி நீங்களே போட்டுடறீங்கண்ணா. அப்புறம் நான் எதுக்கு?"

என் தந்தை எனக்கு ஆட்டோ கற்றுத் தந்தது நினைவுக்கு வந்தது. எல்.எல்.ஆர். வாங்கிய புதிது. விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்காருவார். ஒரு நாள் வேகமாகத் திருப்பிவிட்டேன். ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. "பதறாதடா, ஹாண்டில நேராக்கு" என்றார், டீ கேட்பது போன்ற குரலில். நேராக்கினேன், சக்கரம் தரை தொட்டது. பிறகுதான் கவனித்தேன், அவருடைய கை என் கைக்கு ஓர் அங்குலத்தில் இருந்தது, தொடாமல். தந்தைக்குத் தம் பெயரை எழுதுவதற்கு மேல் எழுத வராது.

அந்தப் பெண் திரும்ப வந்துவிட்டாள். முந்தாநாள் ஒரு சமன்பாட்டில் குறியை மாற்றிப் போட்டுவிட்டு, விடை ஒத்துவராமல் விழித்தாள். எனக்குத் தவறு பளிச்சென்று தெரிந்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போயிற்று. மூன்றாயிற்று. தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. நான்காவது நிமிடத்தில் அவள் ரப்பரைத் தேடினாள்.