யாருடைய கேபிள் நம் போனில்?

வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போகிறோம். பாதிக்கப்பட்டவரின் குரல், காயத்தின் படம், சாட்சி சொல்ல முன்வந்தவர்களின் பெயர் எல்லாம் நம் போனில்தான் சேர்கின்றன. சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். டீக்கடையிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாரோ நீட்டும் வயரை வாங்கிச் செருகுகிறோம். அந்த வயருக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் கருவிப் பட்டியலை 2013 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் வெளியிட்டது. யு.எஸ்.பி. முனைக்குள் ஒளிந்திருக்கும் ‘காட்டன்மவுத்’ அதில் இருந்தது. 50 கருவிகளின் விலை சுமார் 10 லட்சம் டாலர். 2019இல் மைக் குரோவர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதே வேலையைச் செய்யும் ‘ஓ.எம்.ஜி. கேபிளை’ டெஃப் கான் மாநாட்டில் காட்டினார். இன்று நூற்றுச் சொச்சம் டாலருக்கு அது கிடைக்கிறது. பார்க்கச் சாதாரண கேபிள்தான், சார்ஜும் ஏறும். ஆனால் முனைக்குள் ஒரு சிப், வைஃபை. ‘நான் ஒரு கீபோர்டு’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டு, தூரத்திலிருந்து வரும் கட்டளைகளை அது தட்டச்சு செய்யும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024இல் லூமாஃபீல்ட் நிறுவனம் இந்தக் கேபிளை சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் உள்ளே அடுக்கியிருந்த சிப்பைக் காட்டியது. நம்மால் முடிந்தது யு.எஸ்.பி. மீட்டர். கேபிளின் ஒரு முனையை மீட்டர் வழியாகச் சார்ஜரில் செருகி, மறுமுனையைச் சும்மா விடுங்கள். வெறும் கம்பி என்றால் மின்னோட்டம் 0 காட்ட வேண்டும். ஏதாவது ஓடினால் சந்தேகப்படுங்கள். ஆனால் சில டைப்-சி கேபிள்களில் முறையான சிப்பும் உண்டு, அதனால் இதையே முடிவான ஆதாரமாக எடுக்க முடியாது. லேப்டாப்பில் செருகி, புதிதாகக் கீபோர்டு ஏதும் தோன்றுகிறதா என்றும் பார்க்கலாம். தோன்றாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். கட்டளை வரும்வரை அது தூங்கும்.

இது வீண் பயம் அல்ல. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கம்ப்யூட்டரில் வெளியாட்கள் புகுந்து கடிதங்களைத் திணித்தார்கள் என்று ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனத்தின் தடயவியல் அறிக்கை 2021இல் சொன்னது. அங்கே புகுந்த வழி மின்னஞ்சல், கேபிள் அல்ல. ஆனால் எந்த வழியாக நுழைந்தாலும் திருடவும் முடியும், திணிக்கவும் முடியும்.

எனவே எங்கள் குழுவில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். அவரவர் கேபிளில் பெயிண்டால் அடையாளம். கூடவே பவர் பேங்க். வேறு வழியில்லாமல் வெளியே சார்ஜ் போட்டால், மின்சாரத்தை மட்டும் விடும் டேட்டா பிளாக்கர் நடுவில். சார்ஜ் ஏறும்போது போன் பூட்டியே இருக்கும். ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா’ என்று கேட்டால் வேண்டாம் என்போம். கூட்டத்தில் இலவசமாகக் கொடுக்கும் கேபிளை வாங்குவதில்லை.

நம்மிடம் பெயரைக் கொடுத்த சாட்சி நாளைக்கும் அதே ஊரில், குற்றவாளியின் உறவினர் வயலிலேயே கூலிக்குப் போக வேண்டியவர். அடுத்த பயணத்துக்குப் பை கட்டும்போது உங்கள் சொந்தக் கேபிளையும் எடுத்து வையுங்கள்.