அப்பா பெயருக்குப் பத்து எழுத்து

எங்கள் புதுச்சேரியின் பழைய பதிவேடுகளில் முருகன் என்ற பெயரைப் பிரெஞ்சு முறைப்படி எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, ஏ, என், ஈ என்று எழுதியிருப்பார்கள். என்னிடம் ஆங்கிலம் கற்க வரும் எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பா பெயரும் அதுதான். கவுண்டரில் இருப்பவர் தாமாக ஏழு எழுத்தில் எழுதிக்கொண்டால் சான்றிதழோடு ஒத்துப்போகாது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த அலைச்சல் தெரியும். ஆகவே, 'மை நேம் இஸ்' முடிந்ததுமே ஸ்பெல்லிங்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே ஜி எழுத்து 'ஜே', ஜே எழுத்து 'ஜி'! அதனால் "ஜி ஃபார் கோட்" என்றே சொல்லப் பழக்கினேன். தர்ட்டீனா, தர்ட்டியா என்ற தகராறு வேறு. "வீட்டு எண்ணை 'ஒன் த்ரீ' என்று பிரித்துச் சொல்லிடும்மா" என்றேன்.

நேற்று பத்தெழுத்தும் தடங்கலின்றி வந்தன. கடைசி ஈ-யை மட்டும் அழுத்தி இரண்டு முறை சொன்னாள். "ஒன்று போதும்மா, இரண்டாக எழுதிவிடுவார்கள்" என்றேன்.