உறைவிடம்

'ரெசிடென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் வழங்கும் 'உறைவிட மருத்துவர்' என்ற பெயர் ஒரு வரலாற்றைத் தன்னுள் கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889-ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோர் இளம் மருத்துவர்களை மருத்துவமனைக்குள்ளேயே தங்கவைத்துப் பயிற்றும் முறையை வேரூன்றச் செய்தனர். உறைவதும் உண்பதும் அங்கேயே. மணம் புரியாதிருப்பதே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. ஆகவே புதிய பணியிடத்திற்குச் செல்வதென்றால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் போதும். கணவனையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து வரும் ஒரு பெண் மருத்துவரை அம்முறையை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

என் துணைவியார் அப்படித்தான் வந்தார். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தூத்துக்குடியிலிருந்து.

இடம் ஒதுக்கும் முறையே விந்தையானது. மருத்துவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருவார். மருத்துவமனைகளும் தமக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் இவ்வழக்கம் 1952-இல் தொடங்கியது. இன்று அப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. நம்மூர்த் தரகர் பார்க்கும் பொருத்தத்தைப் பின்னர் மறுத்துவிடலாம்; இந்தப் பொருத்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இடம் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்வார்கள். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். ஊரை விட்டுப் போகிறோம் என்பது உறுதியாகிவிட்டது. பாலைக்கா, பனிக்கா என்பது தெரியாது. அந்த நான்கு நாட்களும் என் அன்னை எதையும் கேட்கவில்லை. பேத்தியின் தலையில் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் தேய்த்தார், அவ்வளவுதான்.

பதினோர் ஆண்டுகள் ஆற்றிய ஆசிரியப் பணியை நான் துறந்தேன். கணவனின் வேலைக்காக மனைவி ஊர் மாறுவதை யாரும் வியப்பதில்லை. அதுவே மாறி நடந்தபோது எழுந்த கேள்விகளை இங்கே எழுதினால் இதழாசிரியர் வெட்டிவிடுவார். பயணச் செலவுக்கும் முதல் ஊதியம் வரும்வரையிலான வாடகைக்கும் நகைகள் அடகுக்குப் போயின.

இவற்றையெல்லாம்விடக் கனமானது ஒரு தாள். பயிற்சிக்குரிய ஜே-1 விசாவுக்கு நடுவண் அரசின் நல்வாழ்வு அமைச்சகம் ஒரு கடிதம் தரவேண்டும். இத்துறையில் இந்தியாவுக்கு மருத்துவர்கள் தேவை, பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவதாக இவர் எழுத்து வழி உறுதி அளித்திருக்கிறார் என்பது அதன் சாரம். பயிற்சிக்குப்பின் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் வாழவேண்டும் என்பதே விதி. பலர் இதை விண்ணப்பத்தோடு சேரும் தாள்களுள் ஒன்றாகவே கருதுகிறார்கள். என் துணைவியார் அதன் படியொன்றைத் தம் மருத்துவ நூலுக்குள் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு வாய்த்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ். அதற்கு 'உப்பு நகரம்' என்றே பெயர் உண்டு. ஒனந்தாகா ஏரிக் கரையின் உப்பூற்றுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பெருமளவு உப்பு எடுத்தார்கள். மழை வந்தால் இழுத்து மூடும் கூரைகளோடு உப்பு விளைவித்திருக்கிறார்கள். உப்பளக் கணக்கரின் மகனாகிய எனக்கு அது உறவினர் வீடொன்றைக் கண்டதுபோல் இருந்தது. குளிர்காலத்தில் சாலைப் பனி உருகும்படி உப்பைக் கொட்டுகிறார்கள். "அப்பா, ஆச்சி பார்த்தா ஏசுவாங்கல்ல?" என்றாள் மகள்.

ஜூலை முதல் நாள் பணி தொடங்கியது. வாரத்திற்கு எண்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம்! லிபி சையோன் என்னும் பதினெட்டு வயதுப் பெண் 1984-இல் நியூயார்க்கில் இறந்ததையடுத்து, ஓய்வற்ற இளம் மருத்துவர்களைப் பற்றி எழுந்த விவாதத்தின் பயன் அது. 1989-இல் அம்மாநிலத்திலும் 2003-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. எண்பது என்பது உச்ச வரம்பு. எங்கள் வீட்டிலோ அது பெரும்பாலும் நடைமுறையாகவே இருந்தது. இருள் பிரியுமுன் அவர் கிளம்புவார். மகள் உறங்கியபின் திரும்புவார். நோயாளிகளின் பெயர்கள் உறக்கத்தில் வரும். சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்து ஓய்வாக அமைவது அரிது. அமைந்தால் அதைப் 'பொன் வார இறுதி' என்கிறார்கள். மகள் நாட்காட்டியில் அவற்றை மஞ்சள் வண்ணத்தால் குறித்து வைத்தாள். எனக்குத் தனியே பணி அனுமதி வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை சமையலும் பள்ளிக்குரிய தடுப்பூசிச் சான்றுகளும் என் பொறுப்பு.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி வீட்டுக்கு இரண்டு நாட்கள் தொலைபேசித் தொடர்பு இல்லை. துணைவியார் அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தார், பெற்ற தாய்க்கு மூச்சு எப்படி இருக்கிறதென்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையோடு விடை சொல்லிவிட்டு வெளியே வந்து, "அத்தையிடமிருந்து செய்தி உண்டா?" என்று என்னைக் கேட்பார். மூன்றாம் நாள் அண்டை வீட்டாரின் பேசியில் அன்னையின் குரல்: "மாடியில இருக்கேன்யா. புள்ள சாப்பிட்டாளா?"

திரும்பாதிருக்கவும் வழியுண்டு. மருத்துவர் குறைந்த பகுதியொன்றில் மூன்றாண்டு பணியாற்ற ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு முப்பது பேருக்கு விலக்குப் பரிந்துரைக்கலாம். நண்பர்கள் அதையே வற்புறுத்துகிறார்கள். அதைத் தீதென்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கச் சிற்றூர்களிலும் நோயாளிகள் உண்டு. மகளுக்கு இங்கே உயிர்த்தோழி ஒருத்தி இருக்கிறாள். வந்தபோதும் அவளை யாரும் கேட்கவில்லை. போகும்போதாவது கேட்கவேண்டும் என்பது என் வாதம். துணைவியார் மறுக்கவில்லை. "கேளுங்கள். ஆனால் கையெழுத்து நான் போட்டது" என்றார்.

கேட்டோம். ஆச்சி வீட்டு மாடி அறை தனக்கே வேண்டும் என்றாள். தோழி விடுமுறைக்கு வந்து தங்கவேண்டும் என்றாள். பின்பு அறைக்குள் சென்று வெகுநேரம் வரவில்லை.

அந்த அறைக்கு இப்போதே வெள்ளையடித்துவிடட்டுமா என்று அன்னை கேட்கிறார். மழைக்காலம் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.